சுவருக்குள் மறையும் அமானிதம்

  



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பு உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்தும் வேலையைப் பற்றி ஒரு மௌலவி பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்று நீங்கள் கேட்கலாம். எமது பிக்ஹு நூல்களில் எதை வேண்டுமானாலும் எடுத்து விரித்துப் பாருங்கள். தொழுகைக்கு முன்பாக, நோன்புக்கு முன்பாக, ஸக்காத்துக்கும் ஹஜ்ஜுக்கும் முன்பாக, முதலாவதாக அமைந்திருப்பது சுத்தம் பற்றிய பாடம். அந்தப் பாடத்தின் முதற் பேச்சே தண்ணீர்தான். எந்தத் தண்ணீர் சுத்தமானது, எது அசுத்தமடைந்தது, எவ்வளவு தண்ணீருக்கு என்ன சட்டம் என்று எமது இமாம்கள் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருக்கின்றார்கள். அன்று அத்தண்ணீர் கிணற்றிலும் ஹவுழிலும் இருந்தது. இன்று அது சுவருக்குள் மறைந்து ஓடும் குழாய்களின் வழியாக வருகின்றது. எனவே அக்குழாய்களை இணைக்கும் கையும் மார்க்கத்தின் பேச்சுக்குள் வந்துவிடுகின்றது.

லிங்கநகரில் இருந்துகொண்டு சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். திருகோணமலை நகருக்குக் குழாய் வழியே வரும் குடிநீர், ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கந்தளாய்க் குளத்து நீராகும். அல்லாஹ் வானிலிருந்து இறக்கிய மழை குளத்தில் தங்கி, சுத்திகரிக்கப்பட்டு, நெடுந்தூரம் பயணித்து எமது வாசலிலுள்ள மானியை வந்தடைகின்றது. மானி வரையிலான குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பில் இருக்கின்றது. மானிக்கு அப்பால் உள்ளதெல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பு. இவ்வளவு தூரம் பத்திரமாக வந்த நீர், எமது வீட்டு வளவின் சில அடி தூரத்துக்குள் வீணாகிப் போகுமென்றால், அதற்கு நாமும் நாம் வேலைக்கு அமர்த்திய மனிதருமன்றி வேறு யார் பதில் சொல்ல வேண்டும்?

எமது வீடுகளில் நடப்பது என்ன?

வீடு கட்டிக் குடிபுகுந்து ஓரிரு வருடம் கழித்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் வண்ணம் உப்பிக்கொண்டு உதிர்கின்றது. தரை ஓட்டின் இணைப்புகளில் ஈரம் ஊறுகின்றது. எவரும் தண்ணீர் திறக்காத இரவு நேரத்திலும் மானியின் முள் சுழல்கின்றது. கழுவு தொட்டியின் கீழிருந்து துர்நாற்றம் வருகின்றது. செய்தவரைத் தேடினால் அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கின்றார். வந்தாலும், குறை குழாயில் என்பார். குழாய் விற்றவர் குறை வேலையில் என்பார். முடிவில் பதித்த ஓடுகளை உடைத்து, பூசிய சுவரைக் கொத்தி, முதலில் கொடுத்த கூலியைப் பன்மடங்கு மீண்டும் கொடுத்து வேலையைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கின்றது. வெளிநாட்டில் வெயிலில் உழைத்து மகன் அனுப்பிய பணமும், தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும் இவ்வாறு சுவருக்குள் கரைந்து போகின்றன.

இவற்றிற் பெரும்பாலானவை பெரிய தொழில்நுட்ப மர்மங்கள் அல்ல. பி.வி.சி. குழாயை நேராக வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பின் பிசிறை நீக்க வேண்டும். இணையும் இரு பரப்புகளையும் துடைத்து உலர்த்த வேண்டும். பசையை இரண்டிலும் சீராகப் பூசி, குழாயை அதன் முழு ஆழத்துக்கும் செலுத்திச் சிறிது நேரம் அசையாமற் பிடிக்க வேண்டும். பசை இறுகுவதற்குரிய நேரம் முடியும் வரை தண்ணீரைத் திறக்கக் கூடாது. புரியுள்ள இடங்களில் நாடாவைப் புரி செல்லும் திசையிலேயே சுற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரைப் பூசுவதற்கு முன்னர் குழாய்களில் அழுத்தத்துடன் நீரை நிறைத்து, ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துச் சோதிக்க வேண்டும். இவற்றிற்கு வேண்டியது சில நிமிடப் பொறுமையும் சிறிது இறையச்சமுமே. அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்தியதன் விலையை இன்னொருவர் பல வருடங்கள் செலுத்துகின்றார்.

தாவூத் நபியின் பட்டறை

அல்குர்ஆனில் ஸூரத்து ஸபஃவின் 10ஆம், 11ஆம் வசனங்களைச் சற்று நின்று ஓதிப் பாருங்கள். அல்லாஹ் தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். போர்க் கவசங்களைச் செய்யும்படி ஏவினான். அத்துடன் நின்றுவிடாமல், கவசத்தின் வளையங்களைச் சரியாக அளவிட்டுக் கோக்குமாறும் கட்டளையிட்டான். அதே வசனத்தின் இறுதியில், நீங்கள் நற்செயல் புரியுங்கள், உங்கள் செயல்களை நான் பார்த்துக்கொண்டிருக்கின்றேன் என்ற கருத்தையும் இணைத்தான்.

சகோதரர்களே, இது எவ்வளவு ஆழமான பாடம்! ஒரு நபிக்கு, ஓர் அரசருக்கு, வானங்களையும் பூமியையும் படைத்த இரட்சகன் வளையத்தின் அளவைப் பற்றி அறிவுரை கூறுகின்றான். வளையம் பெரிதானால் அம்பு நுழைந்துவிடும். சிறிதானால் கவசம் மடங்காது. கவசத்தை அணிந்து களத்தில் நிற்பவனுக்கு, எந்த வளையம் பலவீனமானது என்று தெரியாது. செய்தவருக்குத்தான் தெரியும். அவருக்கும் மேலாக அல்லாஹ்வுக்குத் தெரியும். குழாய் இணைப்பும் அத்தகையதே. வளையமும் வளையமும் சேரும் இடத்தில் கவசத்தின் உறுதி இருப்பது போல, குழாயும் குழாயும் சேரும் இடத்தில்தான் வீட்டின் உறுதி இருக்கின்றது.

அல்லாஹ் எல்லாவற்றிலும் செம்மையை விதியாக்கியுள்ளான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரழி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்கள். அதற்கு உதாரணமாக அன்னார் எடுத்துக் காட்டியது, அறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொள்வதை. அதாவது, வேலைக்குரிய கருவியைச் செம்மையாக வைத்திருப்பதே இபாதத்தின் ஒரு பகுதியாக எமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றது. ஒருவர் ஒரு வேலையைச் செய்தால் அதனைத் திருத்தமாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகின்றான் என்ற கருத்திலமைந்த ஹதீஸை இமாம் பைஹகீ பதிவு செய்துள்ளார்கள். மங்கிய வெட்டுக் கருவியுடனும் அளவுகோல் இல்லாமலும் வேலைக்கு வரும் வாலிபர் இவ்விரு நபிமொழிகளையும் மனதிற் கொள்ளட்டும்.

பூச்சுக்குப் பின்னால்

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். குவியலுக்குள் தமது கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி கூறினார். மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நபியவர்கள், மோசடி செய்பவர் என்னைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தை எச்சரிக்கையாகக் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸை நாம் பல தடவை கேட்டிருக்கின்றோம்.

அங்கே குற்றம் மழை பெய்ததல்ல. தானியம் நனைந்ததும் அல்ல. நனைந்ததை உள்ளே வைத்து, உலர்ந்ததை மேலே பரப்பியதே குற்றம். இணைப்பில் கசிவு இருப்பதைக் கண்டும், பரவாயில்லை, பூசினால் மறைந்துவிடும் என்று சிமெந்தை அள்ளிப் பூசும் கை, அந்த வியாபாரியின் கையிலிருந்து எவ்வகையில் வேறுபடுகின்றது? அழுத்தம் தாங்கும் குழாய்க்குப் பணம் வாங்கிவிட்டுக் கழிவு நீருக்குரிய மெல்லிய குழாயைச் சுவருக்குள் வைப்பவர், உலர்ந்த தானியத்தின் விலைக்கு நனைந்த தானியத்தை விற்கின்றார். குழாயின் மேலே அதன் தரமும் வகையும் அச்சிடப்பட்டிருக்கின்றன. குடிநீருக்கான பி.வி.சி. குழாய்களுக்கு எஸ்.எல்.எஸ். 147 என்ற இலங்கைத் தரக் கட்டளை இருக்கின்றது. அந்த எழுத்துக்கள் சுவருக்குள் மறைந்துவிடலாம். ஆனால் எமது ஏட்டில் எழுதும் மலக்குகளின் எழுத்து மறைவதில்லை.

ஒரு தொழிலாளி தக்வா உள்ளவரா என்பதை அறிய அவர் எந்த ஸப்பில் நின்று தொழுகின்றார் என்பதை மாத்திரம் பார்த்தாற் போதாது. எவரும் பார்க்காத இணைப்பை அவர் எவ்வாறு பொருத்துகின்றார் என்பதிலும் அது இருக்கின்றது.

தெரியாமற் செய்தால் குற்றமில்லையா?

நான் வேண்டுமென்றே செய்யவில்லை, எனக்குத் தெரியாது என்று சிலர் கூறலாம். இதற்கும் மார்க்கத்தில் பதில் இருக்கின்றது. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால், அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்திலமைந்த ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் உள்ளது. மருத்துவத்தில் மட்டுமன்றி ஏனைய தொழில்களிலும் இதிலிருந்து படிப்பினை பெறலாம். தெரியாத தொழிலைத் தெரிந்ததாகக் காட்டிக் கூலி பெறுவதே வரம்பு மீறலாகும்.

கைவினைஞர் பொறுப்பேற்க வேண்டுமா என்ற விடயத்தில் எமது இமாம்களிடையே நீண்ட ஆய்வு நடந்திருக்கின்றது. தொழிலாளர்கள் தமது கைக்கு வந்த பொருளுக்குப் பொறுப்பேற்க வேண்டும், அல்லாவிடின் மக்களின் காரியம் சீர்ப்படாது என்ற கருத்து அலீ (ரழி) அவர்களைத் தொட்டும் அறிவிக்கப்படுகின்றது. கவனக்குறைவோ வரம்பு மீறலோ இல்லாதபோது தொழிலாளி மீது பொறுப்பில்லை என்பது ஷாபிஈ மத்ஹபில் பிரபலமான நிலைப்பாடு. ஆயினும் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் மாணவர் றபீஃ (ரஹ்) அவர்கள் ஒரு செய்தியைக் கூறுகின்றார்கள். தமது இமாம் இந்தக் கருத்தையே கொண்டிருந்தபோதிலும், தொழிலாளர்களை அஞ்சி அதனை வெளிப்படையாகச் சொல்லாதிருந்தார்களாம். எவ்வளவு தூரநோக்கு! பொறுப்பில்லை என்ற சொல் காதில் விழுந்தால், நேர்மையற்றவர் அதனைக் கேடயமாகப் பிடித்துக்கொள்வார் என்பதை அந்த மாமேதை 1,200 ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தார்கள்.

எனவே அன்பின் தொழிலாளர்களே, உங்கள் கவனக்குறைவால் ஒரு வீட்டில் சேதம் ஏற்பட்டிருந்தால், அங்கே திரும்பிச் செல்லுங்கள். அழைப்புக்குப் பதில் அளிக்காமல் தொலைபேசியை அணைத்து வைப்பதால் கடன் தீர்ந்துவிடாது. உலகில் தீர்க்கப்படாத அடியார்களின் உரிமை மறுமையில் நன்மைகளைக் கொண்டே தீர்க்கப்படும் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

கசிவு எங்கெல்லாம் சேர்கின்றது?

தமக்கும் தீங்கிழைக்கலாகாது, பிறருக்கும் தீங்கிழைக்கலாகாது என்பது இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. குழாய் வேலையில் இவ்விதி மூன்று வகையில் மீறப்படுகின்றது.

முதலாவது, வீண்விரயம். ஒரு குழாயின் வாயிலிருந்து நொடிக்கு ஒரு துளி விழுகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துளி கால் மில்லிலீற்றர் எனக் கணக்கிட்டால், ஒரு நாளில் 21 லீற்றருக்கு மேல். ஒரு வருடத்தில் ஏறத்தாழ 7,900 லீற்றர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுழூச் செய்ததாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அது முக்கால் லீற்றரைத் தாண்டாது. அப்படியாயின் ஒரு நாளின் கசிவு, ஏறத்தாழ 30 பேர் ஸுன்னத்தான அளவில் வுழூச் செய்வதற்குரிய நீர். பள்ளிவாசல் ஹவுழடியில் வரிசையாகச் சொட்டும் குழாய்களுக்கு இக்கணக்கைப் பொருத்திப் பாருங்கள். அங்கே வீணாவது வக்பின் சொத்து என்பதை நிர்வாகிகள் நினைவிற் கொள்ளட்டும்.

இரண்டாவது, அயலவரின் உரிமை. எமது குளியலறைக் கசிவு அயலவரின் சுவரை நனைக்கின்றது. எமது கழிவுக் குழி அவரின் கிணற்றைக் கெடுக்கின்றது. பிரதான குழாயிலிருந்து நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சிக் கொடுக்கும்படி வீட்டுக்காரர் கேட்கின்றார். தொழிலாளியும் மறுக்காமற் செய்கின்றார். அடுத்த வீட்டுக்கு வரவேண்டிய நீர் அதனால் தடைப்படுகின்றது. அதுமட்டுமன்று, அவ்வாறு உறிஞ்சும்போது குழாயில் எங்கேனும் வெடிப்பு இருந்தால், மண்ணிலுள்ள அழுக்கு நீரும் உள்ளே இழுக்கப்படும். திருகோணமலை முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் மதிலுக்கு மதில் அயலவராக வாழும் நகரம். அயலவரின் உரிமையை எமது மார்க்கம் அவரின் சமயத்தைக் கேட்டு வழங்கவில்லை. ஒரு முஸ்லிம் தொழிலாளி மாற்றுமதச் சகோதரரின் வீட்டில் செய்து முடிக்கும் நேர்த்தியான வேலை, ஆயிரம் பிரசுரங்களை விடச் சிறந்த தஃவாவாகும். அவர் விட்டுச் செல்லும் கசிவோ, தனியொருவரின் பெயரால் அன்றிச் சமூகத்தின் பெயராலேயே பேசப்படும்.

மூன்றாவது, சுத்தமும் சுகாதாரமும். ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத்துக்குக் குறைந்த தேங்கிய நீரில் நஜீஸ் பட்டுவிட்டால், நிறமும் மணமும் மாறாவிடினும் அந்நீர் அசுத்தமாகிவிடும். இன்றைய அளவில் இரண்டு குல்லத்தை 190 முதல் 216 லீற்றர் வரை அறிஞர்கள் கணிக்கின்றனர். கிணற்றைப் போல் நீர் அதிகமாக இருந்தாலும், நஜீஸினால் அதன் நிறமோ மணமோ சுவையோ மாறினால் அதுவும் அசுத்தமே. கழிவுக் குழாயின் இணைப்பு ஒன்று கிணற்றடியில் உடைந்து கிடந்தால், அந்த வீட்டாரின் வுழூவும் குளிப்பும் தொழுகையும் என்னவாகும்? ஒரு தொழிலாளியின் அலட்சியம் ஒரு குடும்பத்தின் இபாதத்தையே தொட்டுவிடுகின்றது.

உடல் நலத்துக்கு வரும் ஆபத்துக்கு ஓர் உண்மைச் சம்பவத்தைக் கூறுகின்றேன். 2003ஆம் ஆண்டு ஸார்ஸ் நோய் பரவிய காலத்தில், ஹொங்கொங்கிலுள்ள அமோய் கார்டன்ஸ் என்ற மாடி வீட்டுத் தொகுதியில் 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுகாதார அதிகாரிகள் ஆராய்ந்தபோது அவர்களின் கவனம் குளியலறைத் தரையிலிருந்த வடிகால்களின் மீது திரும்பியது. வடிகாலின் கீழே வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அந்த வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி நின்று, கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் வராமல் மறிக்கும். அங்கே பல வீடுகளில் அந்த நீர் வற்றிப் போயிருந்தது. காற்றை வெளியேற்றும் விசிறி இயங்கியபோது, கழிவுக் குழாயிலிருந்த நோய்க்கிருமி கலந்த நுண்துளிகள் குளியலறைக்குள் இழுக்கப்பட்டிருக்கலாம் என அறிக்கைகள் விளக்கின. ஒரு கோப்பை நீர் நிற்க வேண்டிய வளைவு ஒன்று! இன்றும் எமது பகுதிகளில் அந்த வளைவையே வைக்காமல் நேர்க்குழாயைப் பொருத்திவிட்டுச் செல்வோர் இருக்கின்றனர். துர்நாற்றம் வருகின்றதென்று வீட்டார் நறுமணத் திரவியம் வாங்குகின்றார்கள்.

மறைமுகத் தரகு

ஒரு விடயத்தைத் தயங்காமற் சொல்ல வேண்டியிருக்கின்றது. வீட்டுக்காரர் பொருள் வாங்கும் பொறுப்பைத் தொழிலாளியிடம் நம்பி ஒப்படைக்கின்றார். அவரோ கடைக்காரரிடம் தமக்கென ஒரு பங்கைப் பேசிக்கொண்டு, அப்பங்கு அதிகம் கிடைக்கும் பொருளையே சிறந்தது என்று சிபாரிசு செய்கின்றார். சில வேளைகளில் பற்றுச்சீட்டிலேயே விலை கூட்டி எழுதப்படுகின்றது. இது எமது தொழிலில் வழக்கம்தானே என்கின்றார்கள்.

ஸக்காத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர், இது உங்களுடையது, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்தார்கள். அவர் தமது பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் மிம்பரில் நின்று கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இச்சம்பவம் உள்ளது. உங்களை ஒரு வீட்டுக்காரர் நம்பி அனுப்பியிராவிட்டால், கடைக்காரர் உங்களுக்கு அந்தப் பங்கைத் தந்திருப்பாரா? கூலி போதாதென்றால் கூட்டிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. தரகு பெறுவதாயின் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவரின் சம்மதத்தோடு பெறுங்கள். மறைத்துப் பெறுவது அமானிதத்துக்குச் செய்யும் துரோகமாகும்.

வேலை கொடுப்போருக்கும் சில வார்த்தைகள்

தொழிலாளியை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. மோசமான வேலையின் விதை பல சமயங்களில் வீட்டுக்காரரின் பேரத்திலேயே ஊன்றப்படுகின்றது. மூன்று பேரிடம் விலை கேட்டு, எவர் அதிகம் குறைத்தாரோ அவரிடமே கொடுக்கின்றோம். அதிலும் பாதியை இழுத்தடிக்கின்றோம். பெருநாளைக்கு முன் முடித்துத் தா என்று நெருக்கிச் சோதனைக்குரிய நேரத்தையும் பறித்துவிடுகின்றோம். ஸூரத்துல் கஸஸின் 26ஆம் வசனத்தில், மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்துமாறு கூறிய பெண்மணி இரண்டு தகைமைகளைச் சுட்டிக் காட்டினார். ஒன்று வலிமை, மற்றது நம்பிக்கை. ஆற்றலும் அமானிதமும் உள்ளவரைத் தேடுங்கள் என்பதே அங்குள்ள படிப்பினை. மலிவானவரைத் தேடுங்கள் என்று அங்கே கூறப்படவில்லை.

மதீனாவில் பள்ளிவாசல் கட்டப்பட்டபோது யமாமாவைச் சேர்ந்த தல்க் இப்னு அலீ (ரழி) அவர்கள் களிமண் குழைப்பதில் தேர்ந்தவராக இருந்தார்கள். அந்த வேலையை அவரிடமே விடுமாறு நபியவர்கள் பணித்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. திறமையை இனங்கண்டு அதற்குரிய இடத்தில் அமர்த்துவது நபிவழியாகும்.

கூலியாளிடம் வேலையை முழுமையாகப் பெற்றுக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்திருக்கின்றான். இது புகாரியில் இடம்பெறும் ஹதீஸ் குத்ஸி. ஆகவே பேசிய கூலியை வியர்வை உலருமுன் கொடுத்துவிடுங்கள். பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வேலை, எந்தத் தரத்துக் குழாய், எத்தனை இணைப்பு, எப்போது சோதனை, எவ்வளவு காலத்துக்குப் பொறுப்பு. பூசுவதற்கு முன்னர் சுவரிலுள்ள குழாய்களைப் படம் பிடித்து வையுங்கள். பின்னொரு நாள் ஆணி அடிக்கும்போதும் திருத்த வேலை வரும்போதும் அப்படம் உதவும். கழிவுக் குழி தோண்டுமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று கேட்டறியுங்கள்.

பெற்றோர்களே, இது இழிவான தொழிலல்ல

எமது சமூகத்தில் ஒரு நோய் இருக்கின்றது. சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடையாத பிள்ளையைத் தண்டனை கொடுப்பது போல, பைப் வேலைக்காவது போ என்று அனுப்புகின்றோம். பிள்ளை அத்தொழிலுக்குள் தலைகுனிந்தே நுழைகின்றான். தான் மதிக்காத வேலையை ஒருவன் எவ்வாறு திருத்தமாகச் செய்வான்? திருமணப் பேச்சிலும் கைத்தொழில் செய்பவரைக் கண்டு முகம் சுளிக்கின்றோம். ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தார்கள் என ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. தமது கையால் உழைத்து உண்பதை விடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்றும், தாவூத் (அலை) அவர்கள் அவ்வாறே உண்டார்கள் என்றும் புகாரியில் வந்துள்ளது. நபிமார்கள் வெட்கப்படாத உழைப்புக்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

எமது முன்னோர் தொழிலை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு ஒரு சான்று. சந்தையையும் கைத்தொழில்களையும் கண்காணிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரி நியமிக்கப்பட்டிருந்தார். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அறிஞர் ஷைஸரீ இத்துறை பற்றி எழுதிய நூலில், ஒவ்வொரு தொழிலுக்கும் அத்தொழிலை நன்கறிந்த, நம்பகமான ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும் என வலியுறுத்துகின்றார். தொழில் தரம் என்பது மேற்கிலிருந்து எமக்கு வந்த புதுமையல்ல. நாம் மறந்துவிட்ட எமது சொத்தாகும்.

இன்று அதற்குரிய வழி எமது நாட்டிலும் திறந்திருக்கின்றது. தேசிய தொழிற் தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உள்ளன. குழாய் பொருத்துநர் தொழிலுக்கும் அதில் இடமுண்டு. தொழிற் பயிற்சி அதிகார சபை, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை போன்ற அரச நிறுவனங்கள் பயிற்சி வழங்குகின்றன. பல வருடம் வேலை பழகியும் சான்றிதழ் இல்லாதவர்கள், தமது அனுபவத்தைச் செயன்முறைப் பரீட்சை மூலம் மதிப்பிடச் செய்து என்.வி.கியூ. சான்றிதழைப் பெறவும் வழியுண்டு. கிண்ணியாவிலும் மூதூரிலும் நகரிலும் இருந்து எத்தனையோ பிள்ளைகள் மத்திய கிழக்குக்குச் செல்கின்றார்கள். தொழில் தெரியாமல் பொய்ச் சான்றிதழ் வாங்கிச் செல்வது பொய்ச் சாட்சியத்தின் ஒரு வகையாகும். அங்கே சென்று அவமானப்படுவதும் அவனே. முறையாகக் கற்றுச் செல்பவனோ உரிய பதவியும் உரிய சம்பளமும் பெறுகின்றான்.

வாலிபச் சகோதரனே

இறுதியாக உன்னிடம் சில வார்த்தைகள். ஒரு நல்ல பாஸிடம் பொறுமையாகத் தொழில் பழகு. கேட்பதற்கு வெட்கப்படாதே. தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல். அது உன் மதிப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. சோதித்துப் பார்க்காமல் எந்த இணைப்பையும் மூடாதே. கசிவு இருந்தால் வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாகப் பொருத்து. அப்பொருளின் விலை சில ரூபாக்கள். உன் ரிஸ்கின் பரக்கத் அதை விடப் பெறுமதியானது. உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் உண்டாகும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை மறவாதே.

வேலைத் தலத்தில் தொழுகையை விட்டுவிடாதே. குழாய்ப் பசை கையில் காய்ந்து படையாக ஒட்டியிருந்தால் வுழூவின் நீர் தோலைச் சேராது. அதனை அகற்றிவிட்டு வுழூச் செய். இயன்றவரை கையுறை அணிந்துகொள். வேலை முடிந்து வெளியேறும்போது வீட்டாரிடம் மூடும் வால்வு எங்கே இருக்கின்றது, எதை எப்போது கவனிக்க வேண்டும் என்று காட்டிவிட்டுச் செல். அந்த வீட்டில் ஒரு தாய் அதிகாலையில் எழுந்து குழாயைத் திறந்து வுழூச் செய்யும் ஒவ்வொரு முறையும், நல்ல நிய்யத்தோடு நீ செய்த வேலைக்காக உனக்கும் நன்மை கிடைக்க வேண்டுமென அல்லாஹ்விடம் ஆதரவு வை. நீர் வசதி செய்து கொடுப்பது எமது மார்க்கத்தில் சிறந்த தர்மங்களுள் ஒன்றல்லவா? கூலிக்குச் செய்யும் வேலையையும் அவ்வெண்ணத்தோடு செய்பவன் இரு கூலிக்கு ஆசைப்படலாம்.

யா அல்லாஹ்! எமது பிள்ளைகளின் கைகளில் திறமையையும் உள்ளங்களில் அமானிதத்தையும் தந்தருள்வாயாக. எமது உழைப்பை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வாயாக. கூலி கொடுப்போரை நீதியாளர்களாகவும், கூலி பெறுவோரை நேர்மையாளர்களாகவும் ஆக்குவாயாக. எமது வீடுகளையும் அயலவரின் வீடுகளையும் தீங்கிலிருந்து காப்பாயாக. எமது நீரையும் எமது வணக்கங்களையும் தூய்மையாக்கி ஏற்றுக்கொள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.